சாய்வு சைக்கிள், டிரெய்லர்: எந்தக் கோளாறுக்கு எதை முதலில் பார்ப்பது?

கோயம்புத்தூரில் பழைய சைக்கிள் இரண்டை வெட்டி நான் கட்டிய சாய்வு சைக்கிள் இப்போது ஆறாவது வருடமாக ஓடுகிறது. பின்னால் 26 இஞ்ச் சக்கரம். முன்னால் பிள்ளைகள் சைக்கிளிலிருந்து எடுத்த 20 இஞ்ச் சக்கரம். இரண்டு அச்சுக்கும் இடையே சுமார் 165 செ.மீ. முன் சக்கரத்துக்குப் பின்னால் கிராங்க், பின் சக்கரத்துக்கு முன்னால் சாய்ந்து உட்காரும் சீட், ஹேண்டில்பாரிலிருந்து ஃபோர்க் வரை ஓர் இணைப்புக் கம்பி. பின்னால் மாட்ட இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்று. வாரத்துக்கு ஒருமுறை 25 கிலோ அரிசி மூட்டையும் தேங்காயும் காய்கறியும் அதில்தான் வீட்டுக்கு வரும். இதைப் பார்த்து நண்பர்கள் மூன்று பேர் கட்டினார்கள். நாலு வண்டியில் எதற்கு என்ன வந்தாலும் என் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கும்.

இத்தனை தடவை கழற்றி மாட்டியதில் எனக்குப் பிடிபட்டது ஒன்று. இது நீளமான வண்டி. ஓரிடத்துத் தளர்ச்சி இன்னோர் இடத்தில் ஆட்டமாகவோ சத்தமாகவோ தெரியும். பார்த்தவுடன் ஃபிரேமே தப்பு என்று தோன்றும், வெல்டிங் பட்டறைக்குப் போய்விடுவோம். முதல் வருடம் ஹேண்டில் அலைகிறது என்று ஃபோர்க் திரும்பும் முன் பைப்பை வெட்டி, கோணம் மாற்றி, மறுபடி வெல்டு வைத்தேன். அலைச்சல் அப்படியே இருந்தது. தெருமுனை சைக்கிள் கடைப் பெரியவர் முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, கப்பு போயிருக்கு, ஃபிரேமை ஏன் அறுத்தீங்க?" என்றார். கப்பு என்றால் முன் பைப்பில் ஃபோர்க் திரும்பும் பால்ரஸ் கிண்ணம். அதனால் கீழே ஒவ்வொரு கோளாறுக்கும் காசில்லாத சோதனை முதலில், வெல்டிங் கடைசியில்.

கடையில் இந்த வண்டிக்கென்று ஸ்பேர் கிடைக்காது. 1933-இல் பாரிஸில் ஃபிரான்சிஸ் ஃபோர் என்பவர், ஷார்ல் மோஷே செய்த சாய்வு சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக் காட்டினார். அடுத்த வருடமே சர்வதேச சைக்கிள் சங்கம் இந்த வடிவத்தைப் பந்தயத்திலிருந்து விலக்கிவிட்டது. அதோடு இது பரவாமல் போயிற்று. நமக்கு வாய்த்தது சாதா சைக்கிளின் பாகங்களும் பக்கத்து லேத் பட்டறையும்தான். கையில் ஸ்பேனர் செட், செயின் கட்டர், இரும்பு ஸ்கேல், நீளமான நூல், சாக்பீஸ், கொஞ்சம் மண்ணெண்ணெய் இருந்தால் போதும்.

## மெதுவாகப் போகும்போது ஹேண்டில் அலைகிறது

### ஒருவர் ஓட்டினால் மட்டும் அலைகிறது

வண்டியில் கோளாறு இல்லை. சாதா சைக்கிளில் உடம்பைச் சாய்த்துச் சமாளித்த பழக்கம் இங்கே உதவாது. புதியவர் ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்பார், பெடலை மிதிக்கும்போது கையாலும் இழுப்பார், வண்டி பாம்பாகப் போகும். விரல் நுனியில் பிடித்து, லேசான கியரில், காலி மைதானத்தில் இரண்டு மூன்று நாள் ஓட்டினால் சரியாகிவிடும். ஒற்றைக் கியர் வண்டி என்றால் பின்னால் 18 பல் ஃப்ரீவீலுக்குப் பதில் 20 அல்லது 22 பல் போடுங்கள். கிளம்பும்போதுதான் அலைச்சல் அதிகம், பல் கூடினால் கிளம்புவது லேசாகும்.

### யார் ஓட்டினாலும் அலைகிறது

முதலில் இணைப்புக் கம்பி. முன் சக்கரத்தை ஒருவர் முழங்காலால் இறுக்கிப் பிடிக்கட்டும், நீங்கள் ஹேண்டில்பாரின் நுனியை மெல்ல ஆட்டுங்கள். சக்கரம் அசையாமல் கைப்பிடி மட்டும் அரை செ.மீ.க்கு மேல் போய்வந்தால் எங்கோ இடைவெளி இருக்கிறது. கம்பியின் இரண்டு முனையிலும் விரலை வைத்தபடி ஆட்டச் சொன்னால் எந்த முனை என்று விரலே சொல்லிவிடும்.

நட்டு தளர்ந்திருந்தால் நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் இருப்பது, எளிதில் தளராது) போடுங்கள். ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் ஒரு வாரத்தில் திரும்ப வரும். பெரிய டிரில் பிட்டால் ஓட்டையைச் சுத்தமாக்கி, லேத்தில் ஒரு பித்தளை புஷ் (ஓட்டைக்குள் பொருந்தும் சின்னக் குழல்) கடைந்து வாங்கி அடியுங்கள். முனையில் ரோஸ் ஜாயின்ட், அதாவது குண்டு மூட்டு, இருந்து அதன் குண்டே ஆடினால் புதிதாக மாற்றுவதுதான் வழி. கம்பியே வளைந்து கொடுக்கிறதா என்றும் பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஒல்லிக் கம்பி, தள்ளும்போது வில்லாக வளையும். அரை இஞ்ச் பைப் போட்டால் நின்றுவிடும்.

### நேராகப் போகும்போது ஹேண்டில் ஓரிடத்தில் 'பிடிக்கிறது'

இணைப்புக் கம்பியைக் கழற்றி விடுங்கள். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கை ஒரு விரலால் இடமும் வலமும் திருப்புங்கள். நடுவில் வரும்போது லேசாகக் குழியில் இறங்குவதுபோல் இருந்தால் ஹெட் கப்பில் பால்ரஸ் குண்டுகள் தடம் பதித்துவிட்டன. கிரீஸ் வைத்தால் தீராது, கப் செட்டையே மாற்றவேண்டும். ஆறு வருடத்தில் இந்த நாலு வண்டிக்கும் சேர்த்து ஐந்து செட் மாற்றியிருக்கிறேன். இந்தக் கோளாறை வைத்துக்கொண்டுதான் நான் ஃபிரேமை அறுத்தேன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். குழி இல்லாமல் முன்னும் பின்னும் 'கடக்' என்று ஆடினால் கப் தளர்ந்திருக்கிறது. இறுக்கினால் போதும், ஆனால் ஃபோர்க் தன் எடையிலேயே இரண்டு பக்கமும் விழும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்.

### ஒரே பக்கம் இழுக்கிறது

பின் அச்சின் இடது முனையில் நூலைக் கட்டி, முன் பைப்பைச் சுற்றி, வலது முனைக்குக் கொண்டுவந்து இறுகக் கட்டுங்கள். நடு பைப்பிலிருந்து இரண்டு பக்க நூலுக்கும் உள்ள தூரத்தை மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். வித்தியாசம் 3 மி.மீ.க்குள் என்றால் ஃபிரேமை விட்டுவிடுங்கள், பின் சக்கரம் கோணலாக மாட்டியிருக்கும். அதற்கு மேல் போனால் ஃபிரேம் கோணல்.

பட்டறைக்கு எப்போது: மேலே சொன்னது எல்லாம் சரியாக இருந்தும் அலைச்சல் நிற்காவிட்டால். போவதற்கு முன் ஓர் அளவு எடுங்கள். முன் பைப்பை ஒட்டி நேரான குச்சி ஒன்றைத் தரை வரை பிடித்து, அது தரையைத் தொடும் இடத்தைக் குறியுங்கள். முன் அச்சிலிருந்து தூக்குநூல் விட்டு, அது தொடும் இடத்தையும் குறியுங்கள். குச்சியின் குறி முன்னால் இருக்கவேண்டும். என் வண்டியில் இடைவெளி 6 செ.மீ. இரண்டும் ஒன்றாக இருந்தாலோ குச்சியின் குறி பின்னால் இருந்தாலோ கோணம் மாற்றித்தான் ஆகவேண்டும். ஃபிரேமை நேராகப் பிடிக்கும் ஜிக் இருக்கும் பட்டறையில் மட்டும் கொடுங்கள்.

## இறக்கத்தில் முன்பக்கம் படபடவென்று உதறுகிறது

இது மேலே சொன்னதிலிருந்து வேறு. மருதமலை அடிவார ரோட்டில் வேகமாக இறங்கும்போது எனக்கு இரண்டு முறை வந்தது. அந்த நொடியில் ஹேண்டிலை இறுக்கக் கூடாது. கையைத் தளர்த்தி, பின் பிரேக்கை மட்டும் மெல்லப் பிடித்தால் வேகம் குறைந்ததும் நின்றுவிடும்.

வீட்டுக்கு வந்ததும் முன் சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டுங்கள். பெரும்பாலும் கோன், அதாவது அச்சில் குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் நட்டு, தளர்ந்திருக்கும். அப்புறம் சக்கரத்தைச் சுற்றவிட்டு டயர் எல்லா இடத்திலும் ஒரே மட்டமாக ரிம்மில் உட்கார்ந்திருக்கிறதா, ரிம்மில் கோட்டம் உண்டா என்று பாருங்கள். 20 இஞ்ச் சக்கரத்தில் சின்னக் கோட்டமும் பெரிதாகத் தெரியும். கோட்டம் எடுப்பதைக் கடைக்காரரிடமே விடுங்கள், கொஞ்சக் காசுக்கு அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார்.

இவை சரியாக இருந்தால், டிரெய்லரைக் கழற்றிவிட்டு அதே இறக்கத்தில் வந்து பாருங்கள். உதறல் போய்விட்டால் டிரெய்லர் பகுதிக்குப் போங்கள். போகாவிட்டால் நடு பைப் முறுக்கிக்கொடுக்கிறது. மெல்லிய பைப்பில் கட்டிய நண்பரின் வண்டியில் அதுதான் நடந்தது. கீழே இன்னொரு பைப் வைத்து முக்கோணமாக வெல்டு வைத்த பிறகுதான் நின்றது.

## மிதிக்கும்போது சத்தம் வருகிறது

சாய்வு சைக்கிளில் சத்தம் வரும் இடத்தைக் காதால் கண்டுபிடிக்க முடியாது. பைப் வழியாகச் சத்தம் சீட்டுக்கே வந்துவிடும். எண்ணித்தான் கண்டுபிடிக்கவேண்டும். ஒரு பெடலில் சாக்பீஸ் குறி போட்டுக்கொண்டு, எத்தனை சுற்றுக்கு ஒருமுறை சத்தம் வருகிறது என்று எண்ணுங்கள்.

### பெடல் சுற்றுக்கு ஒருமுறை 'டக்'

பெடல், கிராங்க், அல்லது கிராங்க் அச்சு. முதலில் வேறொரு பெடலை மாட்டிப் பாருங்கள். அப்படியும் வந்தால், பழைய சைக்கிள் கிராங்க் என்றால் அதை அச்சோடு பிடிக்கும் காட்டர் பின்தான். கிராங்கைச் சக்கரத்தோடு சேர்த்து அசையாமல் பிடித்து, இரண்டு பெடலையும் ஒரே நேரத்தில் கீழே அழுத்தினால் தளர்ந்த பக்கம் அசையும்.

பழைய பின்னைத் தட்டி எடுக்கும்போது கிராங்குக்கு அடியில் ஒரு பைப் துண்டை முட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் சுத்தியல் அடி முழுவதும் உள்ளே இருக்கும் பால்ரஸ்ஸில் இறங்கும். புதுப் பின்னின் சரிவை அரத்தால் சீராக ராவி, சுத்தியலால் அடித்து இறக்கியபின் நட்டை இறுக்குங்கள். நட்டை இறுக்கிப் பின்னை இழுக்க முயன்றால் மரை போய்விடும். இரண்டு பின்னும் எதிரெதிர்த் திசையில் இருக்கவேண்டும், அப்போதுதான் கிராங்க் இரண்டும் ஒரே கோட்டில் நிற்கும். 15 கிலோமீட்டர் ஓட்டியதும் மறுபடி ஒருமுறை அடித்து இறுக்குங்கள். இதை விட்டுவிட்டால் ஒரு மாதத்தில் அதே சத்தம் திரும்ப வரும்.

### ஐந்தாறு சுற்றுக்கு ஒருமுறை 'டிக்'

இது செயின். சாதா சைக்கிள் செயின் இரண்டரை சேர்த்தால்தான் இந்த வண்டிக்குப் போதும். என் செயினில் 264 கண்ணி, செயின் வீலில் 44 பல். வகுத்தால் 6. ஆறு சுற்றுக்கு ஒருமுறை சத்தம் வந்தால் ஒரே ஒரு கண்ணிதான் குற்றவாளி. உங்கள் செயினுக்கும் இதேபோல் வகுத்து வைத்துக்கொள்ளுங்கள். செயினைக் கையால் மெல்ல ஓட்டினால், மடங்க மறுக்கும் கண்ணி ஃப்ரீவீலை விட்டு இறங்கும் இடத்தில் துள்ளும். அநேகமாக நீங்கள் இரண்டு செயினை இணைத்த இடமாகவே இருக்கும். அந்தக் கண்ணியை இரண்டு கையாலும் பக்கவாட்டில் வளைத்து வளைத்துத் தளர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும்.

### மிதிக்காமல் உருண்டாலும் சத்தம்

சக்கரம். கோனைக் கழற்றிப் பாருங்கள். பின் ஹப்பில் பொதுவாகப் பக்கத்துக்கு 9 குண்டு, கால் இஞ்ச் அளவு. எண்ணிக்கை குறைந்திருந்தால் ஒன்று உடைந்து உள்ளே அரைபட்டுக்கொண்டிருக்கும். ஒன்று மட்டும் புதிதாகப் போடாதீர்கள், மொத்தமாக மாற்றுங்கள்.

### தொடர்ந்து 'கிர்ர்' அல்லது 'கீச்'

செயினை வழிநடத்தும் கப்பியும் குழாயும். மேல் செயின் ஓடும் கப்பியில் 608 பேரிங் போட்டிருந்தால் மழையில் தண்ணீர் இறங்கித் துரு பிடிக்கும். கப்பியைத் தனியாகச் சுற்றிப் பாருங்கள், மணல் அரைவதுபோல் இருந்தால் பேரிங்கை மாற்றுங்கள். விலை அதிகமில்லை. கீழ்ச் செயினுக்கு நான் 16 மி.மீ. சொட்டுநீர்ப் பைப் போட்டிருக்கிறேன். அதன் வாயை நெருப்பில் லேசாகக் காட்டி, புனல் மாதிரி விரித்துவிடவேண்டும். விரிக்காத வாயைச் செயின் ரம்பம்போல் அறுத்துவிடும், அந்த அறுப்பில் மாட்டித்தான் 'கீச்' வரும். குழாய்க்குள் மண் சேர்ந்திருந்தால் செயினைக் கழற்றி, துணி கட்டிய கம்பியை விட்டுத் துடையுங்கள். செயினுக்கு எண்ணெய் கம்மியாக விடுவது நல்லது. நிறைய விட்டால் குழாய் மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

## செயின் கழல்கிறது, அல்லது அழுத்தினால் வழுக்குகிறது

### முன்னால் கழல்கிறது

இவ்வளவு நீளச் செயின் தொங்கத்தான் செய்யும். குண்டு குழியில் ஏறி இறங்கும்போது கீழ்ச் செயின் ஆடி, செயின் வீலிலிருந்து இறங்கிவிடும். கீழே ஓர் இழுவைக் கப்பி, அதாவது ஸ்பிரிங் போட்டது, வைத்தால் முக்கால்வாசி தீரும். செயின் வீலின் வெளிப்பக்கம் ஒரு தகடு வைப்பதும் உதவும்.

### கப்பியில் கழல்கிறது

செயினின் பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். செயின் வீல், கப்பி, ஃப்ரீவீல் மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கவேண்டும். கோணம் இருந்தால் வாஷர் வைத்து நகர்த்துங்கள். நேராக இருந்தும் மேடேறும்போது மட்டும் கழன்றால் கப்பியின் அச்சு வளைகிறது. பெடலில் 40 கிலோ அழுத்தினால், 170 மி.மீ. கிராங்கிலும் 44 பல்லிலும் செயினில் 75 கிலோ வரை இழுவிசை வரும். ஒரு பக்கம் மட்டும் பிடித்த 8 மி.மீ. போல்ட் அதைத் தாங்காது. இரண்டு பக்கமும் பிடிக்கும்படி சின்னத் தகடு ஒன்று வெல்டு வைக்கவேண்டும்.

### பின்னால் வழுக்குகிறது

செயினை இறுக்கிப் பிடித்து 12 இஞ்ச் அளவுங்கள். புதுச் செயினில் 24 கண்ணி சரியாக 12 இஞ்ச் வரும். 1.5 மி.மீ. கூடுதல் என்றால் செயினை மாற்றும் நேரம். 3 மி.மீ. கூடிவிட்டால் ஃப்ரீவீல் பல்லும் தேய்ந்திருக்கும், இரண்டையும் சேர்த்து மாற்றவேண்டும். புதுச் செயினைப் பழைய ஃப்ரீவீலில் போட்டால் இன்னும் மோசமாக வழுக்கும். இன்னொன்று: சாதா சைக்கிள் செயின் கனமானது, கியர் சைக்கிள் செயின் ஒல்லியானது. ஒல்லிச் செயின் சாதா ஃப்ரீவீல் பல்லுக்குள் இறங்காது. பழைய இரும்புக் கடையில் துண்டு துண்டாக வாங்கிச் சேர்ப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

## பிரேக் பிடித்தால் பஞ்சாக அமுங்குகிறது

பின் பிரேக் ஒயர் இந்த வண்டியில் மிக நீளம். உறை முழு நீளத்துக்கும் போட்டிருந்தால் உறையே அமுங்கிக் கொடுக்கும். நேராகப் போகும் இடங்களில் உறையை வெட்டிவிட்டு ஒயரை மட்டும் ஓடவிடுங்கள், வளைவுகளில் மட்டும் உறை. வெட்டிய முனையை அரத்தால் மட்டமாக்கவேண்டும். ஒயர் நீளம் பத்தாவிட்டால் இரண்டை ஒட்டுப் போடவே கூடாது. டூவீலர் கேபிள் கட்டித் தரும் கடையில் அளவு சொன்னால் ஒரே ஒயராகச் செய்து தருவார்கள்.

கட்டை தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மழையில் மட்டும் பிடிக்கவில்லை என்றால் ரிம் காரணம். குரோமியம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் வழுக்கும், அலுமினிய ரிம்முக்கு மாறுவதுதான் தீர்வு. சக்கரம் பின்னச் செலவு ஆகும், ஆனாலும் டிரெய்லர் இழுப்பவர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

சோதனை: சமதரையில் ஒரே வேகத்தில் வந்து, சாக்பீஸ் கோட்டில் பிரேக் பிடித்து, நின்ற தூரத்தை அளவுங்கள். காலி டிரெய்லரோடு ஒருமுறை, பாரத்தோடு ஒருமுறை. என் வண்டி 15 கி.மீ. வேகத்தில் காலியாக 4 மீட்டருக்குள் நிற்கும், 40 கிலோ ஏற்றினால் 6 மீட்டர் ஆகும். இந்த எண்ணை எழுதி வைத்துக்கொண்டால் பிரேக் எப்போது கெட ஆரம்பிக்கிறது என்று தெரிந்துவிடும். பாரத்தோடு மலை இறங்குவதற்கு ரிம் பிரேக் போதாது. ஆனைகட்டிப் பாதை மாதிரி இடங்களுக்கு டிரெய்லரை எடுத்துப் போகாதீர்கள்.

## முழங்கால் வலி, பாதம் மரத்துப்போதல்

சீட் தூரம்தான். பெடலைத் தூரத்து முனையில் வைத்து, குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் அப்போதுதான் முழுசாக நீளவேண்டும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் கிட்டத்தில் இருக்கிறது, பின்பக்கம் இழுத்தால் தூரத்தில் இருக்கிறது. ஒரே நாளில் அரை செ.மீ.க்கு மேல் மாற்றாதீர்கள். பாதம் மரத்தால் லேசான கியரில் வேகமாகச் சுற்றிப் பழகுங்கள், தடித்த அடிப்பாகம் உள்ள செருப்புப் போடுங்கள். சீட்டை மாற்றியும் இரண்டு வாரத்துக்கு மேல் வலி நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

## டிரெய்லர் ஒவ்வொரு மிதிக்கும் இழுத்து இழுத்து விடுகிறது

கொக்கியில் இடைவெளி. கொக்கி எப்போதும் பின் அச்சின் இடது பக்கம் இருக்கட்டும், வலது பக்கம் செயின் இருக்கிறது. போல்ட்டும் ஓட்டையும் தேய்ந்து ஆடினால் புஷ் போடுங்கள். பழைய ஹைட்ராலிக் ஹோஸ் துண்டை இணைப்பாக வைத்தால் இடைவெளியே இருக்காது, எல்லாப் பக்கமும் வளைந்தும் கொடுக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெடிப்பு உண்டா என்று பாருங்கள். கொக்கி எதுவானாலும் கூடவே ஒரு நைலான் பெல்ட் கட்டியே ஆகவேண்டும். கொக்கி கழன்றால் டிரெய்லர் ரோட்டின் நடுவே போகாமல் தடுப்பது அதுதான்.

## டிரெய்லர் வாலாட்டுகிறது

முதலில் மூட்டையை நகர்த்துங்கள். பாரம் அச்சுக்குப் பின்னால் போனால், வேகம் கூடும்போது வால் ஆடும், அது சைக்கிளின் முன்பக்கம் வரை வரும். உடல் எடை பார்க்கும் மெஷினை எடுத்து, ஒரு கட்டையைக் கொக்கி உயரத்துக்கு நிறுத்தி, கொக்கியை அதன்மேல் வையுங்கள். 50 கிலோ ஏற்றினால் கொக்கியில் சுமார் 5 கிலோ விழவேண்டும். அரிசி மூட்டையை அச்சுக்கு நேர் மேலேயும் தேங்காயை அதற்குச் சற்று முன்னாலும் வைத்தால் இந்தக் கணக்கு வந்துவிடும்.

கணக்குச் சரியாக இருந்தும் ஆடினால் இரண்டு டயரின் காற்றையும் பாருங்கள், கோனை ஆட்டிப் பாருங்கள். அடுத்து, அச்சு உயரத்தில் இரண்டு ரிம்முக்கும் இடையே முன்பக்கமும் பின்பக்கமும் அளவுங்கள். 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் சக்கரங்கள் ஒன்றையொன்று பார்த்து ஓடுகின்றன. டயரும் அரத்தால் ராவினதுபோல் ஒரு பக்கம் தேய்ந்திருக்கும்.

டிரெய்லர் ஒரு பக்கமாக ஓடுகிறதா என்று தெரிய நல்ல வழி ஒன்று: டயர்களை நனைத்துக் காய்ந்த சிமெண்ட் தளத்தில் நேராக ஓட்டுங்கள். சைக்கிளின் கோடு டிரெய்லரின் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கவேண்டும். என் டிரெய்லரின் கோடு முதலில் 7 செ.மீ. இடது பக்கம் தள்ளி விழுந்தது. இழுவைக் கம்பியை வளைத்துப் போட்டபிறகு நடுவுக்கு வந்தது.

## வளைவில் டிரெய்லரின் ஒரு சக்கரம் தூக்குகிறது

பாரத்தின் உயரத்தைக் குறையுங்கள். வேகத்தையும். காலி டிரெய்லர் குதித்தால் டயர் காற்றைக் கொஞ்சம் இறக்குங்கள். இரண்டு சக்கரத்துக்கும் இடையே 60 செ.மீ.க்குக் குறைவாகக் கட்டியிருந்தால் அகலப்படுத்துவதை யோசிக்கலாம்.

## டிரெய்லர் சக்கரத்தில் கம்பி உடைகிறது, அச்சு வளைகிறது

சைக்கிள் வளைவில் சாயும், அதன் சக்கரத்துக்குப் பக்கவாட்டுப் பாரம் அவ்வளவாக இல்லை. டிரெய்லர் சாயாது. அந்த இழுப்பு முழுக்க ஸ்போக்ஸ் கம்பியில் விழும். ஒன்று உடைந்தால் மாற்றலாம். ஒரே மாதத்தில் மூன்று உடைந்தால் தடித்த கம்பி போட்டுச் சக்கரத்தை முழுசாகப் பின்னச் சொல்லுங்கள்.

அச்சு வளைந்தால் காரணம் ஒன்றே ஒன்று: சைக்கிள் அச்சை ஒரு பக்கம் மட்டும் பிடித்துத் தொங்கவிட்டிருக்கிறீர்கள். அந்த அச்சு இரண்டு பக்கமும் பிடிப்பதற்காகச் செய்தது. சக்கரத்துக்கு வெளியேயும் ஒரு பைப் ஓட்டி, இரண்டு பக்கமும் தகட்டில் உட்காரும்படி மாற்றுங்கள். அதற்கு இடமில்லை என்றால் வீல்சேர் சக்கரம் மாதிரி 12 மி.மீ. அச்சும் 6201 பேரிங்கும் போட்டு லேத்தில் ஹப் கடையச் சொல்லவேண்டும். செலவு அதிகம், ஆனால் ஒரு தடவைதான்.

## பெயின்டில் மயிரிழைக் கோடு

இதற்கு மட்டும் வரிசை கிடையாது. கண்டவுடன் வண்டியை விட்டு இறங்குங்கள்.

எங்கே பார்க்கவேண்டும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சீட்டின் பின் முட்டுக் கம்பி நடு பைப்பில் சேரும் இடம், முன் பைப் வெல்டு, கிராங்க் குழாய் வெல்டு, டிரெய்லர் இழுவைக் கம்பியின் வளைவு. வெல்டின் மேலே அல்ல, வெல்டு முடிந்து பைப் ஆரம்பிக்கும் ஓரத்தில்தான் வெடிப்பு வரும். மாதம் ஒருமுறை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, நகத்தால் தடவிப் பார்க்கிறேன்.

மூன்றாம் வருடம் பேரூர் போய்வந்த மறுநாள் காலையில் சீட் முட்டுக்குக் கீழே சிலந்தி நூல் மாதிரி ஒரு கோடு தெரிந்தது. பெயின்ட் மட்டும் வெடித்திருக்கிறதா, இரும்பா என்று கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் பெயின்டைச் சுரண்டி, பஞ்சில் மண்ணெண்ணெய் தொட்டு நன்றாக நனைத்து, 15 நிமிடம் விட்டேன். பிறகு சுத்தமாகத் துடைத்துக் காயவைத்து, மகளின் சாக்பீஸைத் தேய்த்து வெள்ளையாக்கினேன். கொஞ்ச நேரத்தில் அந்த வெள்ளையின் நடுவே ஈரக்கோடு ஒன்று மெல்ல ஊறி வந்தது. இரண்டரை செ.மீ. நீளம். பைப்பின் சுற்றளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு வெடித்திருந்தது, அந்த வண்டியில்தான் முந்தைய நாள் 30 கிலோ இழுத்து வந்திருந்தேன். மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டால் டீசலிலும் இந்தச் சோதனை வரும்.

### ஈரக்கோடு வரவில்லை

பெயின்ட் மட்டும்தான். ஆனாலும் அந்த இடத்தில் வெள்ளை பெயின்ட் அடித்து வையுங்கள். மறுபடி கோடு வந்தால் உடனே கண்ணில் படும்.

### ஈரக்கோடு வந்தது

நேராக வெல்டருக்குப் போங்கள். வெடிப்பின் மேலேயே ஓர் ஓட்டு ஓட்டிவிடலாம் என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். கோட்டின் இரண்டு முனையிலும் சின்ன ஓட்டை போடவேண்டும், அப்போதுதான் வெடிப்பு மேலே ஓடாது. கோட்டைக் கிரைண்டரால் பள்ளமாக்கி உள்ளே வரை வெல்டு இறங்கவேண்டும். மேலே முக்கோணத் தகடு ஒன்று. மெல்லிய பைப்புக்கு ராடு வெல்டிங் வைத்தால் ஓட்டை விழும், சி.ஓ.2 வெல்டிங் உள்ள இடமாகப் பாருங்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பில் கட்டிய வண்டி என்றால் வெல்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்தத் துத்தநாகப் பூச்சு எரிந்து வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் இரவில் காய்ச்சல் வரும். வெல்டு வைக்கும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டத்தில் வைத்துச் செய்யவேண்டும்.

### ஃபோர்க்கிலோ முன் பைப்பிலோ வெடிப்பு

வெல்டு வைக்க வேண்டாம். ஃபோர்க் என்றால் புது ஃபோர்க். முன் பைப் என்றால் அந்தத் துண்டையே வெட்டி எடுத்து வேறு சைக்கிளிலிருந்து மாற்றுங்கள். ஓடும்போது அது விட்டுப்போனால் சமாளிக்க நேரமே இருக்காது.

வெல்டு வைத்து வந்தபின் 50 கிலோமீட்டர் காலியாக ஓட்டுங்கள். அப்புறம் அதே இடத்தில் மண்ணெண்ணெய், அதே சாக்பீஸ். வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் டிரெய்லரை மாட்டலாம்.